பள்ளியின் நிலக்கணக்கைத் தேடுவது எப்படி? ஐவர்மலையிலிருந்து தொடங்குவோம்

ஐவர்மலைக்குப் போய்ச் சமணச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், அந்தப் பள்ளிக்கு எத்தனை ஏக்கர் இருந்தது?" பள்ளி என்றால் இங்கே பாடசாலை அல்ல, சமணத் துறவியர் தங்கிய மடம். பழனி வட்டத்தில் நில அளவையராகச் சங்கிலி இழுத்தவன் என்பதால் கைவசம் பதில் வைத்திருப்பேன் என்று நம்புகிறார்கள். ஏக்கரில் தொடங்கினால் ஒன்றும் கிடைக்காது. சோற்றில் தொடங்குங்கள். துறவியர் எத்தனை பேர், அவர்களுக்கு யார் எதைக் கொண்டு சோறு போட்டார்கள் என்று பாருங்கள். நிலம் இருந்திருந்தால் அந்தக் கணக்கிலேயே அது வந்துவிடும்.

முதல் வேலை, கல்லை நேரில் பார்ப்பது. பாப்பம்பட்டிப் பக்கம் போய் மலையேறுங்கள். அமாவாசையன்று வேண்டாம், கூட்டத்தில் ஒன்றும் பார்க்க முடியாது. திரௌபதி அம்மன் கோயில் இருக்கும் குகைத்தளத்தின் நெற்றியில் தீர்த்தங்கரர்கள், அதாவது சமணரின் அருகர்கள், வரிசையாக இருப்பார்கள். அங்கே சிறு சிறு எழுத்துப் பொறிப்புகள் உண்டு. உச்சி வெயிலில் எதுவும் தெரியாது. காலையிலோ மாலையிலோ போய், டார்ச் விளக்கைப் பாறையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும், அப்போது படம் எடுங்கள். சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் பூசாதீர்கள். பூசியவர்களைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும்.

எழுத்து வட்டெழுத்து, தமிழின் பழைய எழுத்து வடிவம். மெய்க்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம். ப, வ இரண்டும் கண்ணை ஏமாற்றும். ஆகவே தனியாகப் படித்து முடிவு கட்ட வேண்டாம். கல்வெட்டுத் துறை 1905-இல் ஐயம்பாளையம் என்ற ஊர்ப்பெயரில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறது. அச்சில் வந்த வாசகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

இங்குள்ளவற்றில் முக்கியமானது, சக ஆண்டு 792, பாண்டிய மன்னன் வரகுணனுக்கு எட்டாம் ஆண்டு என்று இரண்டு காலக்கணக்கும் கொடுக்கும் கல்வெட்டு. சக ஆண்டோடு 78 கூட்டினால் கி.பி. 870. எட்டாம் ஆட்சியாண்டு என்றால் இரண்டாம் வரகுணன் பட்டத்துக்கு வந்தது 862 வாக்கில். பாண்டியர் காலவரிசையையே இந்தக் கரட்டுப் பாறைதான் தூக்கி நிறுத்துகிறது என்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எனக்கும்தான்.

இப்போது ஒரு தாளில் கட்டம் போடுங்கள்: கொடுத்தவர், கொடுத்த பொருள், எதற்காக, நிலம். குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர், பார்சுவ படாரர் என்ற தீர்த்தங்கரரையும் இயக்கி அவ்வைகள் என்ற பெண் தெய்வங்களையும் புதுக்கி, முட்டாத (தடைபடாத) அவிக்கும் 'ஓரடிகளுக்குச் சோறாக'வும் 505 காணம் பொன் அமைத்தார். காணம் என்பது பழைய பொன் அளவு. அவி என்றால் படையல். ஓரடிகள் என்றால் ஒரே ஒரு துறவி. நிலக் கட்டம்? காலி. காலியாகவே விடுங்கள். பொன்னை யாரிடம் வைத்தார்கள் என்றுகூட இந்த வரிகள் சொல்லவில்லை. சுற்றிலும் தெரியும் வயலெல்லாம் பள்ளிக்குச் சொந்தமாக இருந்ததாக எழுதுகிறவர்கள் இந்தக் கட்டத்தில் தங்கள் ஆசையை நிரப்புகிறார்கள்.

பெண் துறவியர் பள்ளியைத் தேடுகிறீர்களானால் பழனியை விட்டு வெளியே பார்க்க வேண்டும். கழுகுமலைப் பொறிப்புகளில் குரத்தியர், அதாவது சமணப் பெண் ஆசிரியர்கள், பெயர்கள் பல வருகின்றன. ஆனால் அங்கே பெரும்பாலும் படிமம் செய்வித்த செய்திதான். வந்தவாசி அருகே வேடலில் கிடைக்கும் முதலாம் ஆதித்த சோழனின் 14-ஆம் ஆண்டுக் கல்வெட்டு வேறு ரகம். கனகவீரக் குரத்தியாரின் கீழ் 500 மாணாக்கியர். அவர்களுக்கும் 400 தவத்தோருக்கும் ஒத்துப்போகவில்லை. குரத்தியார் பக்கத்தினரைக் காத்துச் சோறிட ஊரார் பொறுப்பேற்கிறார்கள். கட்டத்தில் இதை எழுதும்போது 'கொடுத்தவர்' என்ற இடத்தில் அரசன் பெயரைப் போட்டுவிடாதீர்கள். ஆட்சியாண்டு அரசனுடையது, பொறுப்பு ஊராருடையது.

எந்த ஊர்க் கல்வெட்டிலாவது 'பள்ளிச்சந்தம்' என்று வந்தால்தான் என் போன்றவனுக்கு வேலை. அது சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட நிலம். உடனே நான்கெல்லையைத் தேடுங்கள்: கீழ்பாற்கெல்லை இந்த வாய்க்கால், தென்பாற்கெல்லை இந்தக் குளக்கரை என்று வரிசையாக வரும். படித்தபடியே தாளில் கோடு போடுங்கள். அளவை ஏக்கராக்கும் அவசரம் வேண்டாம். ஒரு வேலிக்கு 20 மா, ஒரு மாவுக்கு 4 காணி என்பது கணக்கு. ஆனால் அளந்த கோலின் நீளம் ஊருக்கு ஊர் மாறும். எந்தக் கோல் என்று கல்வெட்டு சொல்லாவிட்டால் வேலி என்றே எழுதிவிட்டு நகருங்கள்.

அடுத்து இந்தக் காலத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். கிராமத்து நிலங்களைப் புல எண் வாரியாகச் சொல்லும் அ-பதிவேடு, புலப்படம், பழைய செட்டில்மென்ட் (நிலவரித் திட்ட) பதிவேடு, அதற்கும் முன்னால் மானிய நிலங்களை விசாரிக்க 1858-இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடு. மானியம் யாருக்கு, எதற்காக, எவ்வளவு என்பதெல்லாம் கடைசியாகச் சொன்னதில் இருக்கும். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். மதுரை ஜில்லா என்று கேட்க வேண்டும். திண்டுக்கல் மாவட்டம் பிறந்ததே 1985-இல்தான். மேற்கே உடுமலைப் பக்கத்து ஊராக இருந்தால் கோயம்புத்தூர் ஜில்லா. ஒன்பதாம் நூற்றாண்டுப் பள்ளியின் பெயர் அங்கே நேரடியாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். தேட வேண்டியது வாய்க்கால், குளம், காடு (எங்கள் பக்கம் புன்செய் நிலத்தைக் காடு என்போம்) இவற்றின் பெயர்கள்.

அந்தப் பெயர்கள் பதிவேட்டைவிடப் பெரியவர்கள் வாயில்தான் அதிகம். "ஏனுங்க, இந்தக் காட்டுக்குப் பேர் என்னங்க?" என்று மட்டும் கேளுங்கள், கிடைத்த பெயரைப் புல எண்ணோடு பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளி என்ற பெயர் வந்துவிட்டதே என்று துள்ள வேண்டாம். பக்கத்தில் ஆரம்பப் பள்ளி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பட்டாதாரரிடம் "இது ஒரு காலத்தில் சமணர் நிலம்" என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். மறுநாள் பத்திரத்தோடும் வக்கீலோடும் வாசலில் நிற்பார்.