ஆரி வேலை ஆர்டரும் வீட்டு வேலையும்

வீட்டிலேயே ஆரி வேலை (பிளவுஸ் துணி போன்றவற்றில் கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி) செய்பவர்கள், நேரத்தை மணிக்கணக்கில் பிரிப்பதைவிட வேலையை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்: நடுவில் எழுந்து போகக்கூடியது, போகக்கூடாதது.

டிசைன் பதிப்பது, சங்கிலித் தையலில் அவுட்லைன் போடுவது எல்லாம் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும்போது முடிய வேண்டியவை. பதிக்கும் கலவையில் மண்ணெண்ணெய் சேர்ப்பவர்கள் ஜன்னலைத் திறந்து வையுங்கள். மணி, ஜர்தோசி (பொன், வெள்ளி நிறச் சுருள் கம்பி) நிரப்புவதை மாலையில் வீட்டுப்பாடத்துக்குப் பக்கத்திலேயே செய்யலாம். கல் ஒட்டுவதை இரவுக்குத் தள்ளினால் காலைக்குள் பசை காய்ந்துவிடும்.

குக்கர் விசில் அடித்தால்கூட முடிச்சுப் போடாமல் எழுந்திருக்காதீர்கள். சங்கிலித் தையலில் கடைசி வளையத்தைக் குழந்தை இழுத்தால் வரிசையே உருவிக்கொண்டு வந்துவிடும். ஊசியை மூடியுள்ள டப்பாவில் போடுங்கள், அதன் நுனி கொக்கி!

அப்புறம், முகூர்த்தத் தேதியையே டெலிவரி தேதியாக ஒப்புக்கொள்ளாதீர்கள். டெய்லர் பிளவுஸ் தைக்க ஒரு வாரமாவது விட்டுச் சொல்லுங்கள். ஆவணி, தை ஆர்டர்கள் குவியும். சாம்பிள் போட ஆடியும் மார்கழியும் இருக்கின்றன. இரவு விலை கேட்பவர்களுக்கு வாட்ஸ்அப் பிசினஸின் தானியங்கிப் பதிலே போதும்.