டூரிங் சைக்கிளுக்கு ஸ்டாண்டு: மாட்டலாமா, எப்படி மாட்டுவது?

சாய்த்து வைக்க எங்கேயாவது ஒரு சுவர் கிடைக்கும், இதற்குப் போய் ஸ்டாண்டா என்று பைகளை மாட்டி நெடுந்தூரம் போகும் டூரிங் சைக்கிளை இரண்டு வருடம் வீம்பாக ஓட்டினேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளங்களுக்குப் பக்கத்தில் பஞ்சர் ஆனது. சுவரும் இல்லை, மரமும் இல்லை. நான்கு பைகளையும் கழற்றி, சைக்கிளை மண்ணில் படுக்கப் போட்டேன். ஊர் திரும்பியதும் முதல் வேலையாக ஸ்டாண்டு வாங்கினேன்.

1. முதலில் சைக்கிளைக் கவிழ்த்துப் பாருங்கள். பெடல் அச்சிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் இரண்டு குழாய்கள்தான் செயின்ஸ்டே. அவற்றுக்கு நடுவே துளையோடு ஒரு தகடு பற்றவைத்திருந்தால் நடு ஸ்டாண்டைக் கவலையில்லாமல் மாட்டலாம். இடது செயின்ஸ்டேயின் பின்முனையில் 18 மி.மீ. இடைவெளியில் இரண்டு துளைகள் இருந்தால் இன்னும் நல்லது. அதற்கென்றே ஸ்டாண்டு விற்கிறார்கள். இரண்டும் இல்லையென்றால் குழாயைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப்தான். கார்பன் ஃபிரேமில் கிளாம்ப் போடவே கூடாது.

2. என் ஓட்டு பின்பக்க ஒற்றைக்கால் ஸ்டாண்டுக்குத்தான். நடுவில் மாட்டும் இரட்டைக்கால் ஸ்டாண்டு பார்க்க அழகு, சக்கரத்தைக் கழற்றவும் வசதி. ஆனால் கனம் அதிகம், மேடுபள்ளமான சாலையோரத்தில் சரியாக நிற்பதும் இல்லை.

3. கிளாம்பை முறுக்கும்போது நிதானம் வேண்டும். செயின்ஸ்டே மெல்லிய குழாய், அதிகம் இறுக்கினால் நசுங்கிவிடும். ஆலன் கீ என்கிற ‘L’ வடிவ அறுகோணச் சாவியின் நீளப் பக்கத்தை போல்ட்டில் செருகி, குட்டைப் பக்கத்தைப் பிடித்து முறுக்குங்கள். கை தானாகவே அடங்கும். பழைய ட்யூபில் ஒரு துண்டு வெட்டி இடையில் வைத்தால் பெயின்ட் தப்பும். ஆனால் ரப்பர் அமுங்க அமுங்க போல்ட் தளரும். 50 கி.மீ. ஓட்டியதும் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

4. நான் சறுக்கிய இடம் இதுதான். என் முதல் ஸ்டாண்டின் கால் நீளமாக இருந்தது, சைக்கிள் நெட்டுக்குத்தாக நின்றது. ஹேக்ஸா பிளேடால் ஒரே வெட்டில் இரண்டு செ.மீ. எடுத்துவிட்டேன். காலி சைக்கிள் ஒயிலாகச் சாய்ந்து நின்றது. பைகளை மாட்டியதும் பாரமெல்லாம் இடப்பக்கம் போய், தொப்பென்று விழுந்தது. வெட்டியதை ஒட்டவா முடியும்? புது ஸ்டாண்டு வாங்கினேன். ஆகவே டயரில் காற்றை நிரப்பி, பைகளில் முழுச் சுமையும் ஏற்றி, சமதரையில் நிறுத்திய பிறகே அளவெடுங்கள். ஒரு தடவைக்கு 5 மி.மீ.க்கு மேல் வெட்டாதீர்கள். வெட்டிய முனையை அரத்தால் தேய்த்துவிட்டு ரப்பர் மூடியைத் திரும்பப் போடுங்கள். பட்டனை அழுத்தி நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை கிடைத்தால், கொஞ்சம் காசு கூடினாலும் அதையே வாங்குங்கள்.

5. ஸ்டாண்டு போட்டபின்னும் முன்சக்கரம் உருண்டால் சைக்கிள் விழும். முன் பிரேக் லீவரை ஒரு ரப்பர் பட்டையால் ஹாண்டில்பாரோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். பழைய ட்யூபிலிருந்து வளையமாக வெட்டியதே எனக்குப் போதும். முன்னாலும் பை இருந்தால் சக்கரம் சட்டென்று திரும்பும். அதை ஃபிரேமோடு சேர்த்து இன்னொரு பட்டை.

அப்புறம், ஸ்டாண்டு போட்ட சைக்கிள்மேல் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுக்காதீர்கள். அது சுமையைத் தாங்கும், ஆளைத் தாங்காது. மணலிலும் வெயிலில் இளகிய தாரிலும் கால் புதையும். இளநீர்க் கடையில் நின்றால் மட்டைத் துண்டு ஒன்று கேட்டு வாங்கி அடியில் வையுங்கள், இனாமாகவே கிடைக்கும்.

பின்சேர்க்கை: பின்பக்க ஸ்டாண்டு வாங்கிவிட்டு மாட்ட இடமில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இருவருடையதும் டிஸ்க் பிரேக் சைக்கிள். பல ஃபிரேம்களில் இடது பின்முனையில்தான் பிரேக் தட்டைக் கவ்வும் காலிப்பர் உட்கார்ந்திருக்கும், கிளாம்ப் போட வேண்டிய இடமும் அதுவே. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். காசு கொடுக்கும் முன் அந்த இடத்தை ஒரு போட்டோ எடுத்துக் கடைக்காரரிடம் காட்டிவிடுங்கள்.