சியுங் சாவ் தீவில் ஒரு நாள்: முதலில் நடை, அப்புறம்தான் சாப்பாடு

ஹாங்காங் வரும் சொந்தக்காரர்கள் இரண்டு நாள் டிஸ்னிலாண்டும் மால்களுமாகச் சுற்றிக் களைத்துப்போய், மூன்றாம் நாள் காலையில் "இன்னைக்கு எங்கே?" என்று கேட்பார்கள். நான் யோசிக்காமல் சியுங் சாவுக்குத்தான் கூட்டிப்போவேன். இரண்டரை சதுர கிலோமீட்டர்கூடத் தேறாத தீவு. இரண்டு பக்கமும் குன்று, நடுவில் இடுப்பு போல ஒடுங்கிய மணல் திட்டு, ஊர் முழுக்க அந்தத் திட்டின் மேல். கார் கிடையாது. ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும்கூடச் சந்துக்குள் நுழைகிற அளவில் பொம்மை மாதிரி இருக்கும்.

முதல் தடவை போகிறவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான். படகை விட்டு இறங்கியதும் மூக்கு போகிற பக்கம் போய், மீன் உருண்டையும் இறாலுமாக வயிறு முட்டச் சாப்பிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அதன் பிறகு எந்தக் குன்று, எந்த நடை? அதனால் நான் சொல்கிற வரிசையில் போங்கள்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

வார நாளில் போங்கள். ஞாயிறும் விடுமுறை நாளும் கூட்டம், படகுக் கட்டணமும் அதிகம். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் புழுக்கமும் சென்னையையே தோற்கடிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நடக்க அருமையாக இருக்கும்.

சீன நாள்காட்டியின் நான்காம் மாதத்தில், பெரும்பாலும் நம் மே மாதத்தில், பன் திருவிழா வரும். கோபுரம் முழுக்க பன்களைக் கட்டி, நள்ளிரவில் ஏறிப் பறிக்கிற போட்டி. 1978இல் கோபுரம் சரிந்து பலர் காயப்பட்டதால் போட்டியை நிறுத்தி வைத்திருந்தார்கள், பிறகு 2005இல் இரும்புச் சட்டகத்தில் கோபுரம் கட்டித் திரும்ப ஆரம்பித்தார்கள். இப்போது ஏறுகிறவர்கள் பறிப்பது பிளாஸ்டிக் பன். திருவிழா நாள்களில் ஊரே சைவமாகிவிடும், நம்மில் சைவக்காரர்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் நிற்கக்கூட இடம் இருக்காது, எனவே முதல் தடவைக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

2. படகு ஏறுங்கள்

ஹாங்காங்கின் சென்ட்ரல் பகுதியில் 5ஆம் எண் படகுத்துறை. ஹாங்காங் ஸ்டேஷனிலிருந்து மேம்பாலம் வழியாகவே நடந்துவிடலாம். டிக்கெட் வரிசை எல்லாம் வேண்டாம், ஆக்டோபஸ் கார்டை (ரயில், பஸ், படகுக்கெல்லாம் முன்பணம் போட்டு வைக்கும் அட்டை) தட்டிவிட்டு உள்ளே போங்கள். பகலில் கிட்டத்தட்ட அரை மணிக்கு ஒரு படகு உண்டு. வேகப் படகு 35-40 நிமிடம், சாதாரணப் படகு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, கட்டணமோ ஏறத்தாழ பாதி. நான் போகும்போது சாதாரணப் படகில்தான் போவேன். மேல் தளத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தால் பின்பக்கம் திறந்தவெளியில் நின்று காற்று வாங்கலாம். சரக்குக் கப்பல்களைப் பார்த்துக்கொண்டே போவதில் நேரம் தெரியாது.

ஒரு பாட்டில் தண்ணீர், டார்ச், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். சில்லறைக் காசும் வேண்டும், சில சின்னக் கடைகளில் கார்டு செல்லாது.

3. நேரே கடற்கரைக்கு

இறங்கியதும் இடமும் வேண்டாம், வலமும் வேண்டாம். எதிரே இருக்கும் சந்துக்குள் நேராக ஐந்து நிமிடம் நடந்தால் தீவின் அந்தப் பக்கமே வந்துவிடும், அதுதான் துங் வான் கடற்கரை. அங்கிருந்து கடலை இடக்கையில் வைத்துக்கொண்டு நடந்தால் ஓட்டல் கட்டடத்துக்குக் கீழே, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பாறை. அதில் சுழிச் சுழியாக, நம் வாசல் சிக்குக்கோலத்தை யாரோ பாதியில் விட்டுப்போன மாதிரி கோடுகள். ஏறத்தாழ 3,000 ஆண்டு பழையது. பலர் செல்பி எடுத்தபடியே கவனிக்காமல் கடந்துபோவார்கள்.

அடுத்த வளைவு குவான் யாம் வான், சின்ன, அமைதியான கடற்கரை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஹாங்காங்குக்கு முதல் தங்கத்தை வாங்கித் தந்த பாய்மரப் பலகை வீராங்கனை லீ லாய் ஷான் இந்தத் தீவுப் பெண்தான். குளிப்பதென்றால் இங்கே குளியுங்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை உயிர்காப்பாளர் இருப்பார். சிவப்புக் கொடி பறந்தால் கால் நனைப்பதோடு சரி.

4. இப்போது நடை

கடற்கரையைத் தாண்டியதும் படிகள் ஏறும். கல் கைப்பிடி போட்ட பாதை, 'குட்டிப் பெருஞ்சுவர்' என்று பெயர். பெயரைக் கேட்டுப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், சுவர் ஒன்றும் இல்லை. ஆனால் பூச்சாடி, மனிதத் தலை என்று பெயர் வைத்த பாறைகளும் கீழே கடலும் அழகு. அங்கிருந்து பீக் ரோடு வழியாகத் தெற்கே போகவேண்டும். கல்லறைத் தோட்டத்தை ஒட்டிப் போகும் நிழலான சாலை, சிமெண்ட் போட்டது, செருப்பிலேயே நடக்கலாம்.

தென்மேற்கு மூலையில் சியுங் போ சாய் குகை. சியுங் போ சாய் ஒரு கடற்கொள்ளையர், 1810இல் சீன அரசிடம் சரணடைந்து கடைசியில் அரசுப் படையிலேயே அதிகாரியானவர். புதையலை இங்கேதான் ஒளித்து வைத்தார் என்பது ஊர்க் கதை. குகை என்றால் அகலமான வாயில் என்று நினைக்காதீர்கள், பாறைப் பிளவு அது. நான் முதல் தடவை முதுகுப் பையோடு இறங்கி நடுவில் மாட்டிக்கொண்டேன். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை, மேலே ஒரு பையன் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறான். கடைசியில் பையைக் கழற்றி முன்னால் தள்ளிவிட்டு, பாறையில் முழங்கை தேய, பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வந்தேன். எனவே பையை வெளியே யாரிடமாவது கொடுத்துவிட்டு இறங்குங்கள். முட்டிவலிக்காரர்கள் வாயிலோடு திரும்பிவிடலாம்.

பக்கத்திலேயே சாய் வான் படகுத்துறை. அங்கிருந்து சின்னப் படகில் சில டாலருக்கு ஊருக்குத் திரும்பிவிடலாம். மொத்தம் மூன்று மணி நேரம் ஆகும்.

5. இனி சாப்பாடு

குச்சியில் குத்திய மீன் உருண்டை, ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிது. மேலே கறி மசாலா ஊற்றுவார்கள், நம் நாக்குக்குக் காரமே இருக்காது. சைவக்காரர்களுக்கு மாம்பழ மோச்சி: மெல்லிய அரிசிமாவுத் தோலுக்குள் குளிர்ந்த மாம்பழத் துண்டு. அப்புறம் இஞ்சிப் பாகு ஊற்றிய சோயாத் தயிர் மாதிரி ஒன்று, சுடச்சுட வாங்குங்கள்.

கடலோரத் தொட்டிகளில் உயிரோடு இறால், நண்டு, மீன் எல்லாம் கிடக்கும். விலையும் எடையும் முதலில் கேட்டு, போனில் எண்ணாகவே அடித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரு கடையில் நான் தொட்டியைக் கைகாட்டிவிட்டு உட்கார்ந்தேன், பில் வந்ததும் இறால் தொண்டையில் நின்றது. மெனுவில் 'அன்றைய விலை' என்று போட்டிருந்தால் கேட்காமல் ஆர்டர் செய்யாதீர்கள்.

6. கோயிலும் கடையும்

படகுத்துறைக்கு இடப்பக்கம் பத்து நிமிடத்தில் 1783இல் கட்டிய பாக் தாய் கோயில். பன் கோபுரம் எழும்புவது இதன் எதிரேதான். போகிற வழியெல்லாம் கடைகள். சாவிக்கொத்து, பன் வடிவத் தலையணை எல்லாம் பார்க்க நன்றாக இருக்கும், வீட்டுக்கு வந்தால் மூலையில் கிடக்கும். கருவாடு வாங்க ஆசைப்படுவீர்கள், நல்ல சரக்குதான், ஆனால் மூன்று உறை போட்டாலும் பெட்டியிலுள்ள சட்டைகள் எல்லாம் மணக்கும், அனுபவம் பேசுகிறது.

வாங்க வேண்டியது 'பிங் ஓன்' பன். வெள்ளை பன், மேலே 'நலம்' என்று சிவப்பு முத்திரை, உள்ளே எள் அல்லது தாமரைவிதைப் பூரணம். சைவமென்றால் மாவில் பன்றிக்கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று மொழிபெயர்ப்பு ஆப்பில் காட்டிக் கேட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் இட்லிப் பானையில் வைத்து ஐந்து நிமிடம் ஆவி காட்டினால் போதும், அன்று வாங்கிய மாதிரி இருக்கும். மைக்ரோவேவில் வைத்தால் ரப்பர்தான்.