டீசல் கார் திடீரென்று இழுக்கவில்லையா? டர்போவைக் கழற்றுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்

சேலத்திலிருந்து தருமபுரி போகும்போது தொப்பூர் ஏற்றத்தில் என் காருக்கு இது நடந்தது. நான்காவது கியரில் நன்றாக ஏறிக்கொண்டிருந்த வண்டியில் திடீரென்று 'புஸ்' என்று ஒரு சத்தம். அதோடு பிக்கப் போய்விட்டது, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் நாற்பதைத் தாண்டவில்லை, கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. வழியில் இருந்த ஒரு பட்டறையில் பானட்டைத் திறக்காமலே டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) போய்விட்டது, நாற்பதாயிரம் ஆகும் என்றார்கள். கடைசியில் பார்த்தால் இன்டர்கூலரிலிருந்து (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு, அவ்வளவுதான். ஹோஸ், கிளிப், கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. உங்களுக்கும் இப்படி நடந்தால் எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வண்டியை ஓரம் கட்டி, ஹசார்ட் விளக்கைப் போட்டுவிட்டு, டேஷ்போர்டைப் பாருங்கள். வெப்பமானி சிவப்பில் இருந்தாலோ ஆயில் விளக்கு எரிந்தாலோ உடனே எஞ்சினை நிறுத்தி, வண்டியை டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும், அதற்கு மேல் சோதனை வேண்டாம். அப்படி எதுவும் இல்லாமல் செக் எஞ்சின் விளக்கு மட்டும் எரிந்து, ஆர்.பி.எம். 2,500 அல்லது 3,000-க்கு மேல் ஏறவில்லை என்றால் அது லிம்ப் மோடு. ஏதோ ஒரு சென்சார் சொன்ன அளவு சரியில்லை என்று எஞ்சினைக் காப்பாற்ற கம்ப்யூட்டரே பவரைக் குறைத்துவிடுகிறது. சாவியை அணைத்து இரண்டு மூன்று நிமிடம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். பவர் திரும்பி வந்து, கொஞ்ச தூரத்தில், குறிப்பாக மேட்டில் அழுத்தும்போது மறுபடி போனால், சென்சார், வேக்குவம் (காற்றை உறிஞ்சும்) குழாய், டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டர் பக்கம் சந்தேகப்படுங்கள். எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் மாற்றமே இல்லை என்றால் ஹோஸ் கிழிந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம்.

அடுத்தது புகை, டீசலில் பாதி விஷயத்தை அதுவே சொல்லிவிடும். ஒருவரை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் நின்று பாருங்கள். கரும்புகை என்றால் டீசல் போகிறது, அதற்கு ஏற்ற காற்று போகவில்லை. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது, அப்போதுதான் டர்போவின் சீல் மேல் சந்தேகம் வர வேண்டும். புகையே இல்லாமல் வண்டி சோர்ந்து போனால் பெரும்பாலும் டீசல் சரியாக வரவில்லை. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்காமல் வந்தால் இன்ஜெக்டர் (எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் பாகம்) கோளாறு அல்லது கூலன்ட் கசிவு, அதை வீட்டில் பார்க்க முடியாது, மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

கரும்புகை என்றால் ஏர் ஃபில்டரில் தொடங்கி காற்று போகும் வழி முழுவதையும் கையால் தடவிப் பாருங்கள், எஞ்சின் ஆறிய பிறகு. ஃபில்டரிலிருந்து டர்போ, டர்போவிலிருந்து இன்டர்கூலர், அங்கிருந்து இன்டேக் (எஞ்சினுக்குள் காற்று நுழையும் வழி). இந்த ஹோஸ்களில் வெடிப்பு வருவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்திலும் கிளிப் இறுக்கும் இடத்திலும்தான். ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) அழுத்தம் இல்லாததால் வெடிப்பு மூடிக்கொண்டு ஒழுங்காகவே தெரியும், டர்போ காற்றை அழுத்தும்போதுதான் வாய் திறக்கும். அதனால்தான் பட்டறையில் நின்றுகொண்டு பார்ப்பவருக்குப் பழுது அகப்படுவதில்லை. என் ஹோஸைக் காட்டிக்கொடுத்தது ஆயில்தான்: மேலே தூசி படிந்து காய்ந்திருந்த ரப்பர், கீழே விரலை வைத்ததும் கருப்பாக ஈரம் ஒட்டியது, அதற்கு நேர் கீழே எஞ்சினின் அடியை மறைக்கும் பிளாஸ்டிக் கார்டில் கையகல ஆயில் படலம். ஹோஸைக் கழற்றிக் கையில் மடக்கிப் பார்த்தபோது வெடிப்பு வாய் பிளந்தது. டேப் சுற்றி ஓட்டலாமா என்றால், வீடு போய்ச் சேர மெதுவாக ஓட்டலாம், மேடு ஏற முயன்றால் பிய்த்துக்கொள்ளும்.

அப்புறம் மெல்லிய வேக்குவம் குழாய்கள். நம் ஊரில் எலி கடித்து வைப்பது இவற்றைத்தான். வேக்குவத்தில் இயங்கும் டர்போ என்றால், ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சுவேட்டரின் கம்பி நகர்கிறதா என்று ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லா வண்டியிலும் ஐடிலில் நகராது, விஜிடி டர்போக்களில் (உள்ளே இருக்கும் இதழ்களின் கோணம் மாறும் வகை) பெரும்பாலும் நகரும்.

டீசல் பக்கம் வந்தால் முதல் கேள்வி, கடைசியாக எப்போது, எங்கே நிரப்பினீர்கள்? நிரப்பி சில கிலோமீட்டரில் பிரச்சினை ஆரம்பித்தது என்றால் தண்ணீர் கலந்திருக்கலாம். டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள், தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். ஃபில்டர் மாற்றி வெகுநாள் ஆகியிருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். ஆனால் ஒன்று, எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களின் நட்டைத் தளர்த்தவே கூடாது. பழைய டீசல்களில் அப்படிச் செய்துதான் பழகியிருப்பார்கள். காமன் ரெயிலில் (இப்போதைய டீசல்களில் எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் கொடுக்கும் பொதுக் குழாய்) அழுத்தம் 1,600 பார் வரை போகும், சில எஞ்சின்களில் அதற்கும் மேல், அதில் சீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சின்னதாகத்தான் தெரியும், ஆனால் அறுவை சிகிச்சை வரை போகும்.

ஒரு ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் (காரின் கம்ப்யூட்டர் சொல்வதைப் போனில் காட்டும் கருவி) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், டீசல் கார் வைத்திருப்பவருக்கு அதைவிட உபயோகமான பொருள் இல்லை என்பேன். அதில் காட்டும் பழுதுக் குறியீட்டில் (கோட்) பி0299 வந்தால் டர்போ அழுத்தம் குறைவு, பி0087 வந்தால் ரெயில் அழுத்தம் குறைவு, பி0101 வந்தால் காற்றை அளக்கும் எம்.ஏ.எஃப். சென்சாரின் அளவு சந்தேகத்துக்குரியது. குறியீடு வந்ததும் அந்தப் பெயருள்ள பாகத்தை மாற்றிவிடாதீர்கள், பி0299 கிழிந்த ஹோஸுக்கும் வரும். லைவ் டேட்டாவை (வண்டி ஓடும்போதே வரும் அளவுகளை) பார்ப்பதுதான் முக்கியம். இன்டேக் அழுத்தம் ஐடிலில் 100 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும் (ஊட்டி உயரத்தில் 77 தான் காட்டும், பயப்பட வேண்டாம்). பக்கத்தில் ஒருவர் போனைப் பார்க்க, காலியான சாலையில் மூன்றாவது கியரில் முழுக்க மிதித்தால் நல்ல டர்போவில் 200-ஐத் தொடும், தாண்டவும் செய்யும். நூறு, நூற்றுப்பத்திலேயே நின்றால் காற்று வெளியே போகிறது, அல்லது டர்போ சுற்றவில்லை. இன்டேக் அழுத்தம் நன்றாக ஏறி, ரெயில் அழுத்தம் மட்டும் மிதிக்க மிதிக்க விழுந்தால் டீசல் ஃபில்டர் அல்லது பம்ப்.

இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் விடும் வால்வு) கரி பிடித்துத் திறந்தபடி சிக்கிக்கொண்டாலும் கரும்புகையும் சோர்வும் வரும், முக்கியமாகக் குறைந்த ஆர்.பி.எம்.மில். கழற்றிச் சுத்தம் செய்தால் பல நேரம் சரியாகிவிடும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டி என்றால் டிபிஎஃப்பை (சைலன்சர் வழியில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர்) மறக்காதீர்கள். தினமும் நான்கு கிலோமீட்டர் டவுனுக்குள்ளேயே ஓட்டினால் கரி எரியாமல் அடைத்துக்கொள்ளும். டிபிஎஃப் விளக்கு வந்ததும் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். அதை அலட்சியப்படுத்தி, செக் எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்தால் அந்தக் கரியைப் பட்டறையில்தான் எரிக்க வேண்டும்.

எஞ்சினே காரணமில்லாமலும் இப்படித் தோன்றும். ஆர்.பி.எம். ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, தொடாமல் சக்கரங்கள் அருகே கையை வைத்துப் பாருங்கள், ஒன்றில் மட்டும் சூடு அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நீலப்புகையோடு, நீங்கள் மிதிக்காமலே எஞ்சின் தானாக உறுமி ஆர்.பி.எம். ஏறினால் அது தன் ஆயிலையே குடித்து ஓடுகிறது, சாவியை அணைத்தாலும் நிற்காது. மேனுவல் வண்டி என்றால் ஐந்தாவது கியர் போட்டு, பிரேக்கை முழுக்க அழுத்தி, கிளட்சைச் சட்டென்று விடுங்கள், எஞ்சின் திணறி நின்றுவிடும். ஓரிரு நொடியில் செய்ய வேண்டும். முடியவில்லை என்றால் எல்லோரும் இறங்கித் தள்ளி நின்றுகொள்ளுங்கள்.