கூகுளின் வழியை நாமே அடைக்கும் எஸ்இஓ தவறுகள்

எஸ்இஓ, அதாவது தேடலில் நம் தளத்தை முன்னே கொண்டுவரும் வேலை என்றதும் பலருக்கும் கை போவது மக்கள் தேடும் சொல்லான கீவேர்டுக்குத்தான். ஒரே சொல்லைத் தலைப்பு, முதல் பத்தி, படத்தின் பெயர் என்று கிடைத்த இடத்திலெல்லாம் திணிப்பார்கள். பக்கத்தின் நிரலுக்குள் கீவேர்டுகளைப் பட்டியலிடும் மெட்டா கீவேர்ட்ஸ் டேகை நிரப்புவதும் இன்னும் நடக்கிறது. தரவரிசைக்கு அந்த டேகைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. வெட்டி வேலை, அவ்வளவுதான். உண்மையான சேதம், பக்கங்களைப் படிக்கக் கூகுள் அனுப்பும் நிரலான கிராலர் உள்ளே வரும் வழியைத் தெரியாமல் அடைப்பதில் இருக்கிறது.

தளத்தில் வைக்கும் ரோபோட்ஸ் கோப்பும் (robots.txt) பக்கத்துக்குள் வைக்கும் நோஇண்டெக்ஸ் டேகும் ஒன்றுதான் என்று நினைப்பது அதில் முதல் குழப்பம். முன்னது ‘இந்தப் பக்கத்தைப் படிக்காதே’ என்கிறது. பின்னது ‘தேடல் முடிவில் காட்டாதே’ என்கிறது. ஒரு பக்கத்தை மறைக்க நினைத்துச் சிலர் இரட்டைப் பூட்டுப் போடுவதுபோல இரண்டையும் போட்டுவிடுவார்கள். நடப்பதோ தலைகீழ். படிக்கத் தடை இருப்பதால் பக்கத்துக்குள் இருக்கும் நோஇண்டெக்ஸ் கூகுளின் கண்ணில் படவே படாது. வேறு தளங்கள் அந்தப் பக்கத்துக்கு லிங்க் கொடுத்திருந்தால், விளக்கம் எதுவும் இல்லாமல் வெறும் முகவரியாகத் தேடலில் வந்து நிற்கலாம். ஆகவே மறைக்க வேண்டிய பக்கத்துக்குத் தடையை நீக்கி, நோஇண்டெக்ஸைப் படிக்க விடுங்கள். ரகசியத் தகவல் என்றால் இந்த இரண்டையுமே நம்ப வேண்டாம், பாஸ்வேர்ட் போடுங்கள்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. தளத்தைக் கட்டும்போது தேடுபொறி வரக் கூடாது என்று வேர்ட்பிரஸ் செட்டிங்கில் ஒரு டிக் போட்டிருப்பார்கள். தளம் வெளியான பிறகும் அந்த டிக் அப்படியே இருக்கும். கூகுளில் ஒரு பக்கம்கூட வரவில்லையே என்று பேக்லிங்க் (வேறு தளங்கள் நமக்குத் தரும் லிங்க்) வாங்க ஓடுவார்கள். அதற்கு முன் தளம் வைத்திருப்பவர்களுக்கான கூகுள் கருவியான சர்ச் கன்சோலில் முகவரியைக் கொடுத்துச் சோதித்தால், அந்த டிக் சேர்த்த நோஇண்டெக்ஸ் தடுக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். பேக்லிங்கை விலைக்கு வாங்குவது எப்படியும் கூகுள் விதிக்கு எதிரானது. 2012-இல் கூகுள் தன் தரவரிசை முறையில் கொண்டுவந்த பெங்குவின் அப்டேட் குறிவைத்ததே இப்படிப்பட்ட லிங்க்குகளைத்தான்.

அடுத்தது, தளத்தைப் புதுப்பிக்கும்போது முகவரிகளை மாற்றுவது. பழைய முகவரி ஒவ்வொன்றையும் அதற்கு நேரான புதிய பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (நிரந்தரமாகத் திருப்பிவிடுவது) செய்ய வேண்டும். இது அலுப்பான வேலைதான். அதற்காக எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டால், பக்கமே இல்லை என்றுதான் கூகுள் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். ரீடைரக்டைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். முடிந்தால் எடுக்கவே வேண்டாம்.

மொபைலில் இடம் போதவில்லை என்று பாதிக் கட்டுரையை நீக்குவதும் ஆபத்து. கூகுள் கணக்கில் எடுப்பது மொபைல் பக்கத்தைத்தான். அங்கே இல்லாததை டெஸ்க்டாப்பில் வைத்துப் பயனில்லை. வேகச் சோதனைக் கருவிகளில் 100-க்கு 100 வாங்க மல்லுக்கட்டுவது வேண்டாத வேலை என்பேன். பெரும்பாலான வாசகர்களுக்குப் பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிந்தால் கூகுள் அளவுகோலில் அது நல்ல நிலைதான்.

அப்புறம், அவசரம். ஒரு மாற்றத்தின் பலன் தெரியச் சில வாரங்கள், சமயத்தில் மாதங்கள்கூட ஆகும். அதற்குள் தலைப்பையும் முகவரியையும் திரும்பத் திரும்ப மாற்றினால், எது உதவியது, எது கெடுத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.