கரையோரத் தொழிற்கூடங்களின் இரைச்சலைக் கணிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சவுண்ட்பிளான், கட்னா-ஏ போன்ற மென்பொருள்கள், ஒரு தொழிற்பகுதியின் இரைச்சல் சுற்றுப்புறத்தில் எவ்வளவு கேட்கும் என்பதைக் கணித்து வண்ண வரைபடமாகத் தந்துவிடுகின்றன. அவற்றில் பெரிதும் பயன்படும் கணக்குமுறை ஐ.எஸ்.ஓ. 9613-2 என்னும் தரநிலையாகும். அந்தக் கணக்கு தவறுவது அரிது. நாம் உள்ளிடும் தரவுகளே தவறுகின்றன. இராமநாதபுரம் கடற்கரையில் ஐஸ் கம்பெனிக்கோ மீன் பதப்படுத்தும் கூடத்துக்கோ கணிப்புச் செய்வோர் சிலவற்றில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

ஒலி அழுத்த மட்டத்தை (ஓர் இடத்தில் நின்று அளக்கும் இரைச்சல்) ஒலித் திறன் மட்டத்தின் (எந்திரம் மொத்தமாக வெளியிடும் ஒலியின் அளவு) இடத்தில் இடுவது மிகப் பெரிய தவறு. திறந்த வெளியில் தரைமேல் நிற்கும் ஒரு ஜெனரேட்டரிலிருந்து 10 மீட்டரில் 75 டெசிபல் அளந்தால், அதன் திறன் மட்டம் ஏறத்தாழ 103 டெசிபல் ஆகும். 75 என்றே உள்ளிட்டால் வரைபடம் முழுவதும் 28 டெசிபல் குறைந்து, ஊரே அமைதியாக இருப்பதுபோல் தோன்றும்.

அடுத்தது தரை. மென்பொருளில் தரைக் காரணி 0 என்றால் கெட்டியான பரப்பு, 1 என்றால் ஒலியை உறிஞ்சும் பரப்பு. உள்நாட்டு வயல்வெளிக்குத் தயாரித்த கோப்பை நகலெடுத்து வாலிநோக்கம் பக்கத்து உப்பளத்துக்கோ பாக் நீரிணைக் கரைக்கோ பயன்படுத்துகிறவர்கள் அந்த 1-ஐ மாற்ற மறந்துவிடுகிறார்கள். நீர் நிற்கும் பாத்தியும் கடலும் சிமென்ட் தளமும் 0-தான். தளர்ந்த மணல்மேட்டை மட்டுமே 1-க்கு அருகில் கொள்ளலாம். எந்திரத்தின் உயரத்தைப் போல் 30 மடங்குத் தொலைவு வரையுள்ள தரையையும், கேட்பவர் பக்கத்தில் அதே விகிதத்தில் அமைந்த தரையையும் தனித்தனியே பார்க்க வேண்டும். இதைவிட நுட்பமான சிக்கலும் உண்டு: நீர்ப்பரப்பின் மேல் குளிர்ந்த காற்றும் அதற்கு மேல் வெப்பக் காற்றும் அமையும் நிலையை 1996-ஆம் ஆண்டுப் பதிப்பு தன் வரம்பில் சேர்க்கவில்லை, அப்போது கணித்ததைவிடக் கூடுதலாகக் கேட்கலாம். ஆகவே, கடலைத் தாண்டி எதிர்க்கரைக் குடியிருப்புக்குக் கணித்தால், அந்த எண்ணை நேரில் அளந்து சரிபார்க்காமல் அறிக்கையில் எழுதக்கூடாது.

காற்றின் திசையிலும் ஏமாற வாய்ப்புண்டு. இத்தரநிலை, காற்று எந்திரத்திலிருந்து கேட்பவரை நோக்கி வீசுவதாகவே கொள்கிறது. ஆண்டுச் சராசரிக்கான திருத்தத்தைச் சேர்த்தால் எண் குறையும். ஆனால் மேற்குப் பக்கக் காற்றான கச்சானும் வடக்குப் பக்கக் காற்றான வாடையும் மாதக்கணக்கில் ஒரே பக்கம் வீசும் இக்கரையில், சராசரி என்பது எந்த மாதத்து நிலையையும் காட்டாது. வெப்பநிலைக்கோ பலர் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். 10 டிகிரிக்குப் பதில் 30 டிகிரி என்று திருத்துவது சரியே என்றாலும், ஈரப்பதம் 70 விழுக்காடாக இருக்கையில் 1000 ஹெர்ட்ஸில் 500 மீட்டருக்கு 2 டெசிபல்கூட மாறாது.

வேலிக்கருகில் 70 டெசிபலுக்குள் இருந்தால் போதும் என்று எண்ணுவதும் தவறு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் வரையிலான அமைதிப் பகுதிக்கு இரவு வரம்பு 40. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. எனவே விடியலுக்கு முன் படகுகளுக்காக ஐஸ் நொறுக்கும் எந்திரத்தை இரவுக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

கடைசியாக, இரைச்சலைக் குறைக்கும் திட்டம். ஒரு வீட்டருகே கம்ப்ரசர் அறையிலிருந்து 50, குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து 44 டெசிபல் சேர்வதாகக் கொள்வோம், மொத்தம் 51. செலவு குறைவு என்று கோபுரத்தை அடியோடு அமைதியாக்கினாலும் 1 டெசிபல்தான் குறையும். கம்ப்ரசர் அறையை 10 டெசிபல் அடக்கினால் மொத்தம் 45.5 ஆகும், இரவு வரம்பான 45-ஐத் தொட இன்னும் அரை டெசிபல் மிச்சம் இருக்கும். கோபுரத்தின் விசிறி வேகத்தை இரவில் குறைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டிய கட்டம் அதுவே.