உபுண்டுவில் புது என்விடியா கிராபிக்ஸ் கார்டு: திரை கறுப்பாகவே நின்றால்

படமே வரவில்லையென்றால் முதலில் கேபிளைப் பாருங்கள். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் அல்ல, கார்டில் செருகியிருக்க வேண்டும். கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட்தான். கார்டில் 6 அல்லது 8 பின் சாக்கெட் இருந்தால் பவர் சப்ளையிலிருந்து தனி இணைப்பு கட்டாயம்.

கணினியை இயக்கியதும் வரும் பயாஸ் படம் தெரிந்து, உபுண்டு இயங்குதளம் ஏறும்போது மட்டும் திரை கறுத்தால் கோளாறு பெரும்பாலும் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரில்தான். உபுண்டுவுடன் வரும் நூவோ (nouveau) டிரைவர் புதிய கார்டுகளில் அடிக்கடி தடுமாறும். கணினி தொடங்கும்போது எஸ்கேப் தட்டி எந்த இயங்குதளத்தைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் மெனுவுக்குப் போங்கள். 'இ' (e) விசையை அழுத்தி, லினக்ஸ் (linux) என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, நோமோட்செட் (nomodeset) என்பதை ஆங்கிலச் சின்ன எழுத்தில் ஒரே சொல்லாகச் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். இது அந்த ஒரு முறைக்கு மட்டுமே. உள்ளே போனதும் 'கூடுதல் டிரைவர்கள்' (Additional Drivers) பகுதியில் பரிந்துரைத்திருக்கும் பதிப்பை நிறுவுங்கள்.

பலர் சிக்குவது இதற்குப் பிறகுதான். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே ஏறவிடும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில், நிறுவும்போது கடவுச்சொல் அமைக்கச் சொன்னால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போது வரும் நீலத் திரையில் 'என்ரோல் மோக்' (Enroll MOK) தேர்ந்தெடுத்து அதையே கொடுக்க வேண்டும். அவசரத்தில் தாண்டிவிட்டால், கையொப்பம் ஏற்கப்படாத டிரைவரை, இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் ஏற்றாது. டெர்மினலில் என்விடியா-எஸ்எம்ஐ (nvidia-smi) கட்டளைக்குக் கார்டின் பெயர் வந்தால் டிரைவர் ஏறிவிட்டது.